டைவோவின் பங்கு

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் சோதனை எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட கெஹிந்தே எதையும் ஒற்றையாக வாங்கி யாரும் பார்த்ததில்லை. சந்தையில் ஒரு ஜோடிச் செருப்பு பிடித்துப்போனால், அதே அளவில் அதே நிறத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறதா என்று கேட்பாள். இல்லையென்றால் பிடித்ததையும் வைத்துவிட்டு வந்துவிடுவாள். விஷயம் தெரியாத கடைக்காரர்கள், வசதியான அம்மாள் என்று எண்ணி விலையை ஏற்றுவார்கள். தெரிந்தவர்கள் விலையைக் குறைத்து, முகத்தைப் பார்க்காமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டாவது ஜோடியைப் போட்டுக்கொள்ள வேண்டியவள் செத்துப்போயிருந்தாள்.

எங்கள் ஊரான இபாடானில் இரட்டைப் பிள்ளை இல்லாத தெருவே கிடையாது. இரட்டையில் முதலில் வெளியே வருவதுதான் இளையது. உள்ளே இருக்கும் மூத்தது, 'போய் இந்த உலகம் எப்படி ருசிக்கிறது என்று பார்த்துச் சொல்' என்று இளையதை முன்னால் அனுப்பிவைக்கிறது. வெளியே அழுகைச் சத்தம் கேட்ட பிறகு மூத்தது நிதானமாக வருகிறது. முதலில் வந்தது டைவோ, பின்னால் வந்தது கெஹிந்தே. பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஆனால் பங்கு என்று வரும்போது மூத்தது இளையது பேச்சே கிடையாது. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்கும் அதே, அதே அளவு. குறைந்தால் மனத்தாங்கல் வரும். மனத்தாங்கலோடு போகிற இரட்டை, இருக்கிற இரட்டையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதை நம்பாத படித்தவர்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களும் சட்டைத் துணியை இரண்டாகத்தான் வாங்குகிறார்கள்.

துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஃபடோக்கிக்கு இது தீராத வேடிக்கை.

"ஆன்ட்டி, எல்லாத்தையும் ரெண்டா வாங்குறீங்க. லீவு மட்டும் ஏன் ஒத்தையாக் கேக்குறீங்க?"

"நான் ரெண்டாத்தான் கேக்குறேன். உனக்கு ஒரு கண்ணுதான் தெரியுது."

ஃபடோக்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வான். அன்றைக்கு அவனுக்கு அது போதும்.

சகோதரிகள் இருவருக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. அதில் ஊருக்கு ஆச்சரியம் இல்லை. ஒருத்திக்கு வந்து மற்றவளுக்கு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருக்கும். கெஹிந்தே பல்கலைக்கழக ஊழியர். ஊழியர் மருந்தகத்தில் அவளுக்கு மாத்திரை கிடைத்தது. டைவோ போடிஜா சந்தை முனையில் பயறு அரைத்து அக்காரா வடை சுட்டு விற்றவள். அவளுக்கு எந்த மருந்தகமும் இல்லை. ஆகவே கெஹிந்தே காலையில் எலித்தீனி வெட்டும் கத்தியால் மாத்திரையைச் சரிபாதியாக நறுக்கினாள். தூளாக உதிர்ந்ததைக்கூட விரல்நுனியால் ஒற்றி இரண்டாகப் பங்கு வைத்தாள்.

அதோடு இலையும் இருந்தது. எவூரோ என்கிற கசப்பிலை எல்லோர் கொல்லையிலும் உண்டு. அலசிக் கசக்கிக் கசப்பைப் போக்கிக் குழம்பில் போடுவார்கள். எங்கள் துறையில் முன்பு ஒரு மாணவன் அதன் சாற்றைச் சர்க்கரை வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தான். எலிகள் தெளிந்தன. பட்டம் கிடைத்ததும் மாணவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க ஆள் இல்லை. ஆனால் அந்த எலிகள் தெளிந்ததைக் கெஹிந்தே கண்ணால் பார்த்திருந்தாள். வீட்டில் ஒரு பானை காய்ச்சினாள். இரண்டு குவளையில் ஊற்றி, அருகருகே வைத்து, குனிந்து மட்டம் பார்த்தாள்.

"இந்தக் கசப்பைக் குடிச்சு உசுரை வச்சுக்கிறதுக்கு, சக்கரையிலேயே போயிடலாம்," என்பாளாம் டைவோ.

"போறப்ப சேந்து போவோம். இப்ப குடி."

சேர்ந்து போகவில்லை. சட்டியிலிருந்து தெறித்த எண்ணெய் டைவோவின் கால்மேல் ஒரு சின்னக் கொப்புளம் போட்டது. அது ஆறவில்லை. மழைக்காலம் முழுதும் பெரிதாகிக்கொண்டே போனது. தாகத்தில் வற்றிப்போய், ராத்திரியெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை முடிந்துபோனாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இருந்த இளவயது டாக்டர் ஒருவர், கட்டிலுக்குக் கீழே இருந்த குவளையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை நம்பித்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கீங்க," என்றார். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். கெஹிந்தே அதற்குப் பிறகு வேறெதையும் நினைத்ததாகத் தெரியவில்லை. இலை நிஜமாகவே வேலை செய்யும் என்றால் அவள் தங்கைக்கு நல்லது செய்தவள். இல்லையென்றால் மூத்தவள் முன்னால் அனுப்பிய இளையவளைத் தன் கையாலேயே திருப்பியனுப்பியவள். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இரட்டையில் ஒன்று போனால் மரத்தில் ஒன்று செதுக்குவார்கள். பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான். ஐம்பது தாண்டிய பெண்ணுக்குப் பொம்மை கேட்டதில் தச்சருக்குக் குழப்பம் வந்திருக்கும் என்று நினைத்தேன். வரவில்லையாம்.

"செத்தது கைக்குழந்தையா இருந்தாலும் நாங்க பெரியவங்க உருவம்தான் செதுக்குவோம்மா," என்றாராம். "உன் தங்கச்சி விஷயத்துல பொய் சொல்ற வேலை மிச்சம்."

முழங்கை நீளத்தில், பெரிய கண்களோடு டைவோ வந்து சேர்ந்தாள். கெஹிந்தே வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தின் தலைவி. கூட்டம் அவள் வீட்டில்தான் நடக்கும். மரப்பொம்மையைக் குளிப்பாட்டிச் செம்மரப் பொடி பூசுவதெல்லாம் பிசாசின் வேலை என்று அங்கே சொல்லித்தந்தவளும் அவளே. எனவே டைவோவை வீட்டில் வைக்க இடமில்லை. எலிக்கூடத்தில் தீனி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் குடியேறினாள். காலையில் வேலைக்கு வந்ததும் அலமாரிக் கதவைத் திறந்துவைப்பாள் கெஹிந்தே. அதற்கு எதிர்ச்சுவரில்தான் கூண்டுகள் இருந்தன.

இரண்டு மழை கழிந்து, அடெடோயின் அந்த இலையைக் கையில் எடுத்தான். அவன் என்னோடு படித்தவன், மருந்தியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன், மூடநம்பிக்கை என்ற சொல்லை உச்சரிக்கும்போது மட்டும் குரல் உயர்கிறவன். மாத்திரை வாங்க முடியாதவர்களுக்குக் கொல்லை இலையிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா என்பது அவன் கேள்வி. நல்ல கேள்வி. கெஹிந்தே துடைப்பத்தோடு அவன் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்த இலைதானா, ஓகா?"

எலிக்கூடத்தில் எல்லா முதலாளிகளும் ஓகாதான்.

"அதேதான், ஆன்ட்டி."

"இந்தத் தடவை உறுதியாத் தெரிஞ்சுடுமா?"

"அதுக்குத்தானே எலி."

நான்கு கூண்டுகள். முதல் கூண்டில் நோயில்லாத எலிகள். மற்ற மூன்றிலும் ஊசி போட்டுச் சர்க்கரையை வரவழைத்த எலிகள். இரண்டாவதற்கு மாத்திரை, மூன்றாவதற்கு இலைச்சாறு, நான்காவதற்கு வெறும் தண்ணீர். நான்காவது கூண்டு தேய்வதை வைத்துத்தான் மூன்றாவது கூண்டு தெளிவதை அளக்க முடியும். இதை அடெடோயின் பொறுமையாக விளக்கினான். கெஹிந்தே தலையாட்டினாள். அவளுக்கு இது புதிதும் அல்ல. எத்தனையோ மாணவர்களின் நான்காவது கூண்டுகளை அவள் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். எலியின் வாய்வழியே வளைந்த குழாயை விட்டு மருந்து இறக்குவதில் அவளுக்குக் கை நடுங்காது என்பதால், முதல் சில நாட்களுக்குப் பிறகு அந்த வேலை அவளிடமே வந்தது.

சர்க்கரை வந்த எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும். கூண்டில் தலைகீழாக மாட்டியிருக்கும் புட்டியின் முனையில் ஒரு சின்ன இரும்புக் குண்டு உண்டு. நக்கும்போதெல்லாம் அது டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிட்டால் கூடம் முழுக்க அந்தச் சத்தம்தான். எங்களுக்கு அது எலி தண்ணீர் குடிக்கிற சத்தம். கெஹிந்தே அந்தச் சத்தத்தில் தலையைத் தூக்கி, அலமாரியைப் பார்த்து, "இதோ வர்றேன்," என்று பதில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

கணக்கு முடிந்த அன்று அடெடோயின் முகம் தொங்கிப்போயிருந்தது. மாத்திரைக் கூண்டு தெளிந்திருந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டிலும் சர்க்கரை கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறி, இரண்டிலும் எலிகள் செத்து, இரண்டிலும் மிச்சமிருந்தவை நனைந்த உமிமேல் ஒடுங்கிக் கிடந்தன.

"இலை குடிச்சதும் தண்ணி குடிச்சதும் ஒண்ணுதான்," என்றான். "இது வெறும் குழம்புல போடுற இலை, ஆன்ட்டி. கூண்டையெல்லாம் அலம்பி வச்சிடுங்க."

அவள் அலம்பி வைத்தாள். மறுநாள் காலை நாங்கள் இருவரும் அவன் அறையில் மின்சாரம் வரக் காத்திருந்தபோது உள்ளே வந்து, உட்காரச் சொன்னதும் உட்காராமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாலாவதுக்கும் நான் இலைதான் குடுத்தேன், ஓகா."

அடெடோயின் சிரித்தான், புரியாதபோது அவன் அப்படித்தான் சிரிப்பான்.

"மூணாவதுக்குன்னு நீங்க அளந்து வச்சதை ரெண்டாப் பிரிச்சேன். ரெண்டும் ஒரே தாய்களோட குட்டிங்க. ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணைப் பாத்துக்கிட்டிருன்னு என்னால சொல்ல முடியல. அவ வேற பாத்துக்கிட்டிருக்கா."

"யார் பாத்துக்கிட்டிருக்கா?"

அவள் சொன்னாள். அலமாரியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவன் குரல் உயர்ந்தது. படித்த இடத்தில், சோதனைக்கூடத்தில், மரப்பொம்மை, மூடநம்பிக்கை, ஒரு வருஷ உழைப்பு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்:

"உங்க சின்னதுங்க ரெண்டுல ஒருத்திக்குத்தான் போன மாசம் காய்ச்சல். மருந்து ரெண்டு பேருக்கும் ஊத்துனீங்களா இல்லையா?"

"அது என் மாமியார் ஊத்துனது."

"புட்டியைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நீங்கதானாம். உங்க வீட்டம்மா சொன்னாங்க."

அடெடோயினுக்கு இரட்டைப் பெண்கள். ஒரே கவுன், ஒரே ரிப்பன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"வேலையை விட்டு நீக்குங்க, நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் கெஹிந்தே. "ஆனா நீங்க இலை வெறும் இலைன்னு சொல்லிட்டீங்க. அது பொய்யா இருக்கலாம். எனக்கு அது தெரியணும். திரும்ப ஒரு தடவை பண்ணுங்க."

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும். ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்குத் தப்பான பதில்தான் மிஞ்சியிருக்கும். சொல்லிவிட்டதால் வேலை போகலாம், சரியான பதில் அதைவிட மோசமாகவும் இருக்கலாம். அடெடோயின் பேனாவை மூடி வைத்தான். பிறகு, திரும்பச் செய்யலாம், குழாயை வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்றான்.

"வேண்டாம், ஓகா. வேற ஆள் தண்ணி குடுத்தா, நான் பின்னாடியே போய்த் திருட்டுத்தனமா இலையைக் குடுத்துருவேன். என் கையாலயே குடுத்தாத்தான் குடுக்காம இருப்பேன்."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டாவது சோதனை தொடங்கிய காலையில் கெஹிந்தே அலமாரியைத் திறந்து டைவோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "கொஞ்ச நாள் பாக்காதே," என்றாள். "உனக்காகத்தான்." பிறகு மூன்றாவது கூண்டுக்கு முழு அளவு சாறும், நான்காவது கூண்டுக்கு முழு அளவு தண்ணீரும் இறக்கினாள். அடெடோயின் பக்கத்திலேயே நின்றான். தினமும் நின்றான். அவளைச் சந்தேகப்பட்டு நின்றதாகத்தான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஆனால் கூண்டைத் திறந்து எலியைக் கையில் எடுத்துக் கொடுத்தது அவன்தான். அந்த வேலையை அவன் மாணவப் பருவத்துக்குப் பிறகு செய்ததே இல்லை.

நான்காவது கூண்டின் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. டிக் டிக், டிக் டிக். புட்டி காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலி. எலிகளின் முதுகெலும்பு ரோமத்துக்கு மேலே தெரிந்தது. கெஹிந்தே அந்தக் கூண்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். வேகவைத்த பயறு, மேலே பனையெண்ணெய். இரட்டையர்களின் சாப்பாடு அது. இரண்டு தட்டு கொண்டுவருவாள். ஒன்றைத் தொடாமலே திரும்பக் கொண்டுபோவாள். டைவோ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பரிமாறுவது சரியில்லையாம்.

சத்தம் ஒரு நாள் குறைந்தது. பிறகு நின்றது. கூண்டைச் சுத்தம் செய்ய ஃபடோக்கி வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லிப் பார்த்தான். அன்று அவன் கேலி பேசவில்லை. கெஹிந்தே தானே அள்ளினாள்.

மூன்றாவது கூண்டு உயிரோடு இருந்தது. மாத்திரைக் கூண்டு அளவுக்குத் தெளியவில்லை, ஆனால் சர்க்கரை இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றது. ரோமம் படிந்து, தீனி தின்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின. அடெடோயின் மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். இந்தத் தடவை அவள் உட்கார்ந்தாள்.

"வேலை செய்யுது, ஆன்ட்டி. மெதுவாத்தான். மாத்திரைக்கு ஈடுன்னு சொல்ல மாட்டேன். எலியில செய்யுறது மனுஷனுக்குச் செய்யுமான்னு அடுத்துப் பாக்கணும். ஆனா வெறும் இலை இல்ல. நான் சொன்னது தப்பு."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"அப்ப அவளுக்கு ஏன் கேக்கல?"

அவன் என்னைப் பார்த்தான். இதற்கு ஆயிரம் பதில் உண்டு: வயது, புண், கிருமி, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனது. ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டான்.

"பானையில பாதி. பாதி நான் குடிச்சேன்."

"மாத்திரை?"

"அதுலயும் பாதி. மட்டம் பாத்துத்தான் குடுத்தேன், ஓகா. ஒரு துளி குறைச்சல் இல்ல. அவளுக்கு ஒரு நாளும் குறை வச்சதில்ல."

முதல் சோதனையின் தாள்கள் மேசையின் ஓரத்தில்தான் இருந்தன. கெட்டுப்போனது என்று தூக்கிப் போட வைத்திருந்தவை. சாற்றைச் சரிபாதியாகக் குடித்த இரண்டு கூண்டுகள். கொஞ்சம் இறங்கி, ஏறி, ஒன்றுபோலவே தேய்ந்து, சிலது செத்து, சிலது காரணமில்லாமல் தப்பியவை. அவள் கண்ணும் அந்தத் தாள்கள்மேல்தான் இருந்தது. டைவோவுக்கு என்ன நடந்தது என்ற சோதனையை அவள் ஏற்கனவே செய்து முடித்திருந்தாள்.

"அப்ப இலை இல்ல," என்றாள்.

"இலை இல்ல, ஆன்ட்டி."

"பங்கு."

அடெடோயின் மேசை இழுப்பறையைத் திறந்தான், மூடினான். பிறகு, வேறு ஏதோ கேட்பதுபோல, "இப்ப உங்க மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க?" என்றான்.

அவள் கேள்வியே புரியாததுபோல அவனைப் பார்த்தாள்.

"எப்பவும்போலத்தான். பாதி எனக்கு. பாதி அவளுக்கு."

செத்தவளின் பாதியை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து மரத்தின் வாயில் தடவுவாளாம். ஊழியர் மருந்தகத்தில் அவள் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று சில வருஷமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அவள் கால் பெருவிரலில் ஒரு சின்னக் கட்டு இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

முழு மாத்திரையைத் தானே விழுங்க வேண்டும் என்று அவன் விளக்குவான் என்று எதிர்பார்த்தேன். குரல் உயரும், அந்தச் சொல் வரும். வரவில்லை. மறுநாள் காலை எலிக்கூடத்துக்கு வந்து, தீனி மூட்டைமேல் இரண்டு மாத்திரைப் பெட்டிகளை வைத்தான். ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றில் கெஹிந்தே என்றும் ஒன்றில் டைவோ என்றும் அவனே எழுதி ஒட்டியிருந்தான்.

"ஆளுக்கு முழுசு," என்றான். "மருந்தியல்ல இப்படி ஒரு முறை கிடையாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஜெபக்கூட்டத்துல சொல்ல மாட்டேன்," என்றாள்.

அதன்பின் கத்தி எலித்தீனிக்கு மட்டும் பயன்பட்டது. டைவோ மறுபடி கூண்டுகளைப் பார்க்கத் திரும்பினாள். நாள் செல்லச் செல்ல மரத்தின் உதடுகள் வெளுத்தன. கெஹிந்தேயின் கால்விரல் ஆறியது. அவளுக்குப் பார்வை மங்கியிருந்ததால் திங்கட்கிழமைகளில் நான்தான் அவள் விரலில் குத்திக் கருவியில் சர்க்கரை பார்ப்பேன். இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு திங்கட்கிழமை, நோயில்லாதவர்களுக்கு இருக்கிற அளவுக்கு வந்துவிட்டது. சொன்னேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. உடலியல் பாடம் நடத்தி முடி நரைத்தவன் நான்.

"அவளுக்கும் அதே அளவுதான்," என்றேன்.

கெஹிந்தே மெல்லத் தலையசைத்தாள். பொய்யைப் பிடித்துவிட்ட அசைப்பு அது. மனம் புண்படாதபடிதான் சொன்னாள்.

"இல்ல. அவளுக்கு இன்னும் எறங்கல. ராத்திரியெல்லாம் தண்ணி கேட்டா."

எழுந்துபோய், கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துவந்திருந்த நான்காவது கூண்டின் புட்டியில் தண்ணீர் பிடித்து, டைவோவுக்கு எதிரே இருந்த காலிக் கூண்டில் தலைகீழாக மாட்டினாள்.